நிப்பிள் ஷீல்ட் வாங்கப் போகிற அம்மாமாருக்கு

மகளுக்கு இப்போது இரண்டரை மாதம். அவள் பிறந்து ஐந்தாம் நாள், கச்சான் காற்று அள்ளிக்கொண்டு அடித்த ஒரு மத்தியானம், இவர் உப்புவெளியில் இருந்து திருகோணமலை டவுனுக்குப் போய் பாமசியில் நிப்பிள் ஷீல்ட், அதாவது மார்புக் காம்பின் மேல் தொப்பி மாதிரிப் போட்டுப் பால் கொடுக்கிற மெல்லிய சிலிக்கன் உறை, ஒரு பெட்டி வாங்கி வந்தார். உள்ளே இரண்டு, விலை 1,900 ரூபாய். பிராண்ட் பெயர் எழுதவில்லை. நான் சொல்லப் போவது எந்தப் பிராண்டுக்கும் பொருந்தும்.

அப்போது எனக்கு இரண்டு பக்கக் காம்பும் வெடித்திருந்தன. பிள்ளை வாய் வைத்ததும் கால்விரல்கள் மடங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்க் கலண்டரைப் பார்த்து முப்பது வரை எண்ணுவேன். குடித்து முடித்து வாயை எடுத்தால் காம்பு உருண்டையாக இராது. புது லிப்ஸ்டிக்கின் நுனி மாதிரி ஒரு பக்கம் சரிந்து, குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். மாமி சரக்குக் கறியும் பால்சுறா வறையும் ஆக்கித் தந்து, "முதல் பிள்ளைக்கு நோகத்தான் செய்யும், போகப் போகச் சரிவரும்" என்றா. அன்பாகத்தான் சொன்னா. பாலும் குறைவில்லை. வலிதான் தாங்க முடியவில்லை.

ஷீல்ட் போட்ட முதல் தடவை நான் அழுதேவிட்டேன், அவ்வளவு ஆறுதல். வெடிப்பில் பிள்ளையின் வாய் நேரே படவில்லை. ஆனால் அடுத்த நாளே கரைச்சல் தொடங்கியது. வியர்வையில் அது வழுக்கும். பிள்ளை கையை வீசினால் கழன்று பாயில் விழும். இரவு இரண்டு மணிக்கு டோர்ச் அடித்துத் தேடி, கழுவி, திரும்பப் போடுவதற்குள் அவள் வீறிட்டு அழுவாள். முக்கால் மணித்தியாலம் குடித்தும் பசி அடங்காமல் மறுபடி வாயைத் திறப்பாள். நுனியில் பால் தேங்கி நிற்கும், மார்பு மட்டும் கனத்தபடியே இருக்கும்.

எட்டாம் நாள் எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்தா. ஷீல்டைக் கையில் எடுத்துப் பார்த்ததும், "இது 24 மில்லிமீற்றர். உங்களுக்குப் பெரிசு தங்கச்சி. கடையில அளவு கேட்டவையோ?" என்றா. கேட்கவில்லை. ஒரே ஓர் அளவுதான் கடையில் இருந்திருக்கிறது. பிறகு, ஷீல்ட் இல்லாமல் ஒருக்கால் பால் குடுங்கோ, நான் பார்க்கிறேன் என்றா. அதுவரை பிள்ளை என் மார்பில் எப்படி வாய் வைக்கிறாள் என்று ஒருவரும் கிட்ட இருந்து பார்த்ததே இல்லை.

பார்த்துவிட்டு அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்கட நாக்கால மேலண்ணத்தைத் தடவிப் பாருங்கோ. முன்னுக்குக் கல்லுப் போல இருக்கும், பின்னுக்குப் போகப் போக மெத்தென்று வரும். காம்பு அந்த மெத்தென்ற இடத்துக்குக் கிட்டப் போகவேணும். உங்கட பிள்ளை நுனியை மட்டும் பிடிக்கிறா. நாக்கு அதைக் கல்லில வைச்சு நசுக்குது." நாக்கால் தடவிப் பார்த்தேன். அந்த லிப்ஸ்டிக் நுனி ஏன் வந்தது என்று அந்த நிமிடமே விளங்கியது.

பிள்ளை முரசால் கடித்துத்தான் பாலை எடுக்கிறது என்றே நானும் நினைத்திருந்தேன். பிறகு வாசித்துப் பார்த்ததில், 2008இல் மேற்கு அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் பால் குடிக்கும் பிள்ளைகளின் தாடைக்குக் கீழே ஸ்கான் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நாக்கு கீழே இறங்கும்போது வாய்க்குள் வெற்றிடம் கூடுகிறது, பால் பாய்வதும் அந்த நேரத்தில்தான். அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வில், விடாமல் வலி இருந்த தாய்மாரின் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிட பலமாக உறிஞ்சுவதும் தெரிந்திருக்கிறது. "உனக்குப் பொறுமை இல்லை" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

மிஸ் மாற்றியது சின்னச் சின்ன விஷயங்கள்தான். பிள்ளையின் வயிறு என் வயிற்றோடு ஒட்ட வைத்தா. தலையின் பின்பக்கத்தை அமத்திக்கொண்டிருந்த என் கையை எடுத்து, பிடரிக்கும் தோளுக்கும் கீழே வைத்தா. மூக்கு காம்புக்கு நேரே வரவேணும். கொட்டாவி விடுகிற மாதிரி வாய் திறக்கும் வரை பொறுத்து, நாடி முதலில் மார்பில் படும்படி அணைக்கவேணும். காம்பைச் சுற்றியுள்ள கருவளையம் மேலே கூடவும் கீழே குறையவும் தெரிந்தால் சரி. நொந்தால் இழுத்துப் பறிக்காமல், கடைவாயில் சின்ன விரலை விட்டு உறிஞ்சலை உடைத்து, திரும்பத் தொடங்கவேணும். நாலாம் முயற்சியில் பிடித்தாள். "டிக் டிக்" என்ற சத்தம் நின்று, மெதுவாக விழுங்குகிற "க்கா... க்கா" கேட்டது. கலண்டரைப் பார்க்க வேண்டி வரவில்லை.

ஷீல்டை எறியச் சொல்லவில்லை. இடப்பக்க வெடிப்பு ஆழமாக இருந்ததால், 20 மில்லிமீற்றரில் ஒன்று எடுப்பித்து அந்தப் பக்கத்துக்கு மட்டும் இன்னும் ஒரு கிழமை பாவித்தேன். அரைவாசியை உள்ளே மடித்து வைத்துவிட்டு விரித்தால் காம்பு உள்ளே இழுபடும், அப்போது கழராது. ஷீல்டின் விளிம்பில் வெட்டின பக்கம் பிள்ளையின் மூக்கு வருகிற பக்கம் இருக்கவேணும். பாவித்ததும் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சவர்க்காரம் போட்ட சுடுதண்ணீர். ஒரு நாளைக்கு ஒரு தடவை அவித்தும் எடுத்தேன். குடித்து முடிந்ததும் இரண்டு துளி பாலையே காம்பில் தடவிக் காய விட்டேன். பதினைந்தாம் நாளுக்குப் பிறகு ஷீல்ட் தேவைப்படவில்லை.

அதனால் என் கணக்கில் இது புண் ஆறும் வரை ஒரு தடுப்பு. வாய் வைக்கும் பிழையை இது திருத்தாது, மறைத்து வைக்கும். காம்பு தட்டையாக அல்லது உள்வாங்கி இருப்பவர்களுக்கும் மாதம் குறைந்து பிறந்த பிள்ளைகளுக்கும் உதவும், ஆனால் ஒருவர் கிட்ட இருந்து பார்க்கவேணும். பாவிக்கிற நாட்களில் பிள்ளை சலம் விட்டு நனைக்கிற துணிகளை எண்ணுங்கள்: முதல் கிழமை கழிந்த பிள்ளைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு வரவேணும். கிளினிக்கில் நிறையும் பார்ப்பியுங்கள். வாய் சரியாக வைத்தும் வலி போகாவிட்டால், காம்பு வெளுத்து நீலமாக மாறினால், பிள்ளையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளை இருந்தால், நாக்கை வெளியே நீட்ட முடியாமல் இருந்தால், டொக்டரிடம் காட்டுங்கள். அதற்கெல்லாம் ஷீல்ட் மருந்தில்லை.

வாங்குவதென்றால் காம்பின் அகலத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். அதற்கு முதல் உங்கள் பகுதி மிட்வைஃபுக்கு ஒரு கோல் எடுங்கள். அவ வீட்டுக்கு வந்து பார்த்ததற்கு நாங்கள் ஒரு சதமும் கொடுக்கவில்லை.