கூடுதுறை மணலில் காந்தமா, சல்லடையா, மெட்டல் டிடெக்டரா?

கொங்கு நாட்டுக்குக் கடற்கரை இல்லையென்றாலும், காசும் நகையும் மணலுக்குள் போகும் இடங்கள் நமக்கும் உண்டு. ஆடிப்பெருக்கன்று முழுகவும் புதுத் தாலிக்கயிறு மாற்றவும் கூட்டம் நிறையும் பவானி கூடுதுறையும் கொடுமுடியும் அவற்றில் முதன்மையானவை. என் அம்மிச்சியின் மூக்குத்தி கூடுதுறைப் படியோரத்தில் விழுந்த பிறகுதான், தேடும் வழிகள் மூன்றையும் பொறுமையாகப் பழகிப் பார்த்தேன்.

கயிற்றில் கட்டி இழுக்கும் காந்தம் மலிவானது. நீருக்குள்ளும் தடையின்றி வேலை செய்யும். ஆனால், துருப்பிடிக்காத எஃகாலான இன்றைய ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் அதில் ஒட்டுமே தவிர, நிக்கல் பித்தளை ஐந்து ரூபாயும் பழைய அலுமினியக் காசுகளும் ஒட்டா. தங்கமும் வெள்ளியும் ஒட்டவே ஒட்டா. நகை தேடுபவருக்கு அது ஊக்கு, ஆணி, கொண்டை ஊசி ஆகியவற்றை முதலில் அகற்றித் தரும் துணைக்கருவி மட்டுமே.

மெட்டல் டிடெக்டரின் சுருள் உண்டாக்கும் மாறுகின்ற காந்தப்புலம், புதைந்த உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அதன் எதிர்வினையே நம் காதில் ஒலியாகக் கேட்கிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால், ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் சாதாரணக் கருவி கடலோர ஈரமணலில் பொய்யாக ஒலிக்கும். இராமேசுவரத்தில் தேடுபவருக்குப் பல அதிர்வெண் கருவியோ, மின்சாரத்தை விட்டுவிட்டுத் துடிப்பாகச் செலுத்தும் பல்ஸ் வகையோ தேவை. காவிரியின் நன்னீர் மணலுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பதே என் முடிவு. இரும்பைப் பிரித்தறிவதில் பல்ஸ் வகை பின்தங்கியது. படித்துறையிலோ இரும்புக் குப்பைதான் அதிகம்.

எந்த டிடெக்டரானாலும் நகையின் வடிவமே பெரிதும் தீர்மானிக்கிறது. மோதிரம் முழு வளையமாதலால் அரைச் சாண் ஆழத்திலும் தெளிவாக ஒலிக்கும். மெல்லிய சங்கிலி அதைவிட எடை கூடியதாக இருந்தாலும், கருவிக்கு அது சிறுசிறு கண்ணிகளாகவே தெரிவதால், மேல்மணலிலேயே தவறிவிடும். மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும் மெல்லிய தங்க மோதிரமும் டிடெக்டரின் திரையில் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டுவதால், தாளின் எண்ணை ஒதுக்குபவர் தங்கத்தையும் ஒதுக்கிவிடுவார்.

கரூரில் அமராவதி மணலில் சங்ககாலச் சேரர் காசுகளும் உரோமானியக் காசுகளும் கிடைத்திருப்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புதைந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே, 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் போன்ற அகழாய்வு நிலங்களுக்கு டிடெக்டரைக் கொண்டுபோகவே கூடாது. மண்ணடுக்கிலிருந்து பெயர்த்தெடுத்த காசு, தன் காலத்தைச் சொல்லும் சாட்சியை இழந்துவிடுகிறது.

சல்லடையும் சாந்துச் சட்டியும் மிக மெதுவானவை. கயிற்றுக்கட்டில் அகல மணலுக்கே அரை நாள் போய்விடும். ஆயினும், விழுந்த இடம் ஓரளவு தெரிந்தால் நான் இவற்றையே நம்புவேன். தங்கம் நீரைப்போல் 19 மடங்கு கனமானது, மணலோ இரண்டரை மடங்குதான். கோவையில் நகைப்பட்டறைத் தெருக்களின் சாக்கடை மண்ணை அரித்துப் பொன் எடுப்பவர்களின் பிழைப்பே இந்த வேறுபாட்டில்தான் நடக்கிறது. டிடெக்டர் இருமுறை கடந்துபோன அதே படியோரத்து மணலைச் சட்டியில் இட்டுச் சுழற்றி அலசியபோது, கடைசியில் தங்கிய கருமணல் கோட்டின் ஓரத்தில், திருகாணி கழன்ற நிலையில் அம்மிச்சியின் மூக்குத்தி கிடந்தது.