ஐந்து தடைகளா, பத்துத் தளைகளா, மாரன் படையா?

தியானம் ஏன் கைகூடவில்லை என்று பௌத்தத்திடம் கேட்டால் ஒற்றைப் பதில் கிடைக்காது, பட்டியல்தான் கிடைக்கும். அதுவும் ஒன்றல்ல. பழைய பாலி மொழி நூல்களிலேயே ஐந்து நீவரணங்கள் (மனத்தை மறைக்கும் தடைகள்), பத்து சம்யோஜனங்கள் (பிறவியோடு கட்டிவைக்கும் தளைகள்), ஆளை மயக்கித் தடுக்கும் மாரனின் படைகள் என்று தனித்தனியாக வருகின்றன. பௌத்தத்தின் இன்னொரு பெரும் பிரிவான மகாயானம் தன் பங்குக்கு வேறு கணக்கு வைத்திருக்கிறது. சந்தேகம் மூன்றிலும் இருக்கிறது, தூக்கம் இரண்டில் மட்டும் இருக்கிறது. புதிதாகப் படிக்க வருகிறவர் குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாடம் உட்கார்ந்து பழகுகிறவருக்கு நீவரணப் பட்டியல்தான் கைக்கு அடக்கமானது. ஆனால் அது ஓரிடத்தில் ஆளை ஏமாற்றிவிடும். அந்த இடத்தில் மற்ற இரண்டும் வேண்டும்.

நீவரணங்கள் எவை? புலனின்ப ஆசை, பகைமை, சோம்பலும் தூக்கமும், பரபரப்பும் மனவருத்தமும், சந்தேகம். சங்காரவர் என்ற பிராமணர் புத்தரிடம் ஒரு கேள்வியோடு வருகிறார்: நெடுநாள் ஓதிய மந்திரங்களே சில வேளை நினைவுக்கு வராமல் போவதேன்? முக்தியைப் பற்றிய கேள்வியே அல்ல, ஞாபக மறதி பற்றியது. புத்தர் ஒரு பாத்திரத் தண்ணீரைச் சொல்கிறார். அரக்கும் மஞ்சளும் கலந்த நீர் ஆசை. கொதிக்கும் நீர் பகைமை. பாசி மூடிய நீர் சோம்பல். காற்றில் அலையும் நீர் பரபரப்பு. சேறு கலங்கி இருட்டில் வைத்த நீர் சந்தேகம். நல்ல கண்ணுள்ளவன் எட்டிப் பார்த்தாலும் தன் முகம் தெரியாது. இந்தப் பட்டியலின் பலம் இதிலேயே தெரிகிறது. ‘நீ கெட்டவன்’ என்று அது சொல்வதில்லை. இப்போது தண்ணீர் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கிறது.

இரண்டாவது பலம், ஒவ்வொன்றுக்கும் கையில் பிடித்துச் செய்யக்கூடிய மாற்று உண்டு. மகத நாட்டில் மொக்கல்லானர் உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறார். பின்னால் புத்தரின் இரு தலைமைச் சீடர்களில் ஒருவராகப் போகிறவர்! புத்தர் தத்துவம் பேசவில்லை. தூக்கம் வந்தபோது எதை மனத்தில் வைத்திருந்தாயோ அதை விடு, கேட்ட தருமத்தை நினை, வாய்விட்டு ஓது, காதுகளை இழுத்துவிடு, கை கால்களைத் தேய், எழுந்து கண்ணைக் கழுவிக்கொண்டு விண்மீன்களைப் பார், பகல்போல வெளிச்சத்தை நினை, நட. எதுவுமே ஆகவில்லையா? சரி, வலப்பக்கமாகப் படுத்துக்கொள், ஆனால் எழும் நேரத்தை மனத்தில் வைத்துப் படு. இத்தனை நடைமுறையான அறிவுரை தளைகளைப் பற்றிய பேச்சில் கிடைக்காது.

அப்புறம் தளைகள். ‘நான்’ என்ற நிலையான ஒன்று இருக்கிறது என்னும் பார்வை, சந்தேகம், விரதங்களையும் சடங்குகளையும் பற்றிக்கொள்ளுதல், புலனாசை, பகைமை, உருவ உலக ஆசை, அருவ உலக ஆசை, செருக்கு, பரபரப்பு, அறியாமை. முதல் மூன்றும் அறுந்தவர் சோதாபன்னர், அதாவது விடுதலையின் முதல் படியில் நிற்பவர். அவருக்கு மிஞ்சிப்போனால் ஏழு பிறவிதான். ஆசையும் பகையும் தளர்ந்தால் அடுத்த படி, ஐந்தும் அறுந்தால் அதற்கடுத்தது, பத்தும் போனால் அரகந்தர், முழு விடுதலை பெற்றவர். இதில் தூக்கம் இல்லை. ஆனால் பரபரப்பு ஒன்பதாம் இடத்தில், அரகந்தராவதற்கு முந்தைய படியில் இருப்பவருக்கும் விடாமல் நிற்கிறது.

இரண்டு பட்டியலின் வித்தியாசத்தை ஒரே நிகழ்ச்சியில் பார்க்கலாம். தினமும் அதே நேரம் அதே இடத்தில் தியானம் செய்கிற ஒருவர், ஒரு நாள் தவறிப்போனால் ‘எல்லாம் போச்சு’ என்று பதறுகிறார். நீவரணக் கண்ணுக்கு அது மனவருத்தம். மூச்சுக்குத் திரும்பினால் கொஞ்ச நேரத்தில் அடங்கும். தளைக் கண்ணுக்கு அது விரதப் பற்று. ஒழுங்கே விடுதலை தந்துவிடும் என்ற நம்பிக்கை. இது மூச்சில் கரையாது. அந்த ஆள் பதற்றமே இல்லாமல், பத்து வருஷம் ஒரு நாள் விடாமல் உட்கார்ந்து, உள்ளுக்குள் அதே நம்பிக்கையோடும் இருக்கலாம்.

ஏமாற்றும் இடம் என்று சொன்னது இதைத்தான். ஆழ்ந்த தியானத்தில் ஐந்து தடைகளும் அடங்கிவிடுகின்றன. அடங்குவது வேறு, அறுவது வேறு. மாலுங்கியபுத்தர் என்ற பிக்கு கீழ்த்தளைகள் எனப்படும் முதல் ஐந்தையும் கடகடவென்று ஒப்பித்தபோது புத்தர் அவரைக் கண்டிக்கிறார்: பிற சமயத்தார் மல்லாந்து கிடக்கும் கைக்குழந்தையைக் காட்டியே உன்னை மடக்கிவிடுவார்களே. குழந்தைக்கு ‘நான்’ என்ற எண்ணமே கிடையாது, பிறகு ஏது பார்வை? ஆனால் அதன் விதை உள்ளே படுத்திருக்கிறது. அமைதியான மனத்தை விடுதலை என்று எண்ணிக்கொள்கிறவருக்கு இதைவிட நல்ல பதில் நான் பார்த்ததில்லை.

இருந்தாலும் தளைப் பட்டியலை வைத்துத் தன்னைத் தானே அளப்பது வீண் வேலை என்பேன். ‘எனக்கு முதல் இரண்டு போய்விட்டது’ என்கிறவரிடம் எட்டாவது தளையான செருக்கு பேசிக்கொண்டிருக்கிறது. இதைச் சரியாகக் கையாண்டவர் கேமகர் என்ற பிக்கு. கோசாம்பிக்கு அருகே பதரிக ஆராமத்தில் நோயாய்க் கிடக்கிறார். கோசித ஆராமத்து மூத்த பிக்குகள் தாசகர் என்ற பிக்குவைத் தூது அனுப்பிக் கேள்வி கேட்கிறார்கள். அவர் பதிலோடு வந்ததும் அடுத்த கேள்வியோடு திருப்பி அனுப்புகிறார்கள். கடைசியில் கேமகர், ‘ஏனப்பா இந்த ஓட்டம்?’ என்று கோலை ஊன்றிக்கொண்டு தானே கிளம்பிவிடுகிறார். அவர் சொன்னது: உடல், உணர்ச்சி எதையும் ‘இது நான்’ என்று நான் பார்ப்பதில்லை, ஆனாலும் ‘நான் இருக்கிறேன்’ என்பது இன்னும் போகவில்லை. உவர்மண்ணும் சாணமும் போட்டு வெளுத்த துணியில் அழுக்கு போனபின்னும் அந்த வாடை நிற்பதுபோல. தளைகளைப் பற்றிப் பேசவேண்டிய முறை இது: போனதையும் சொல்வது, போகாததையும் சொல்வது.

மூன்றாவது, சுத்தநிபாதம் என்ற பாலி நூலின் பதான சுத்தம் என்னும் பகுதியில் வரும் மாரனின் படை. நேரஞ்சரை ஆற்றங்கரையில் கடுந்தவத்தில் இருக்கும், இன்னும் புத்தராகாத கௌதமரிடம் மாரன் வாளோடு வரவில்லை, அக்கறையோடு வருகிறான். மெலிந்துவிட்டாய், நிறம் கெட்டுவிட்டாய், சாவு பக்கத்தில் நிற்கிறது. உயிரோடு இருந்தால் புண்ணியம் செய்யலாமே. நலம் விரும்புகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான். பதிலில் அவன் படைகள் வரிசையாக எண்ணப்படுகின்றன: காமம், மனம் ஒட்டாமை, பசி தாகம், வேட்கை, சோம்பல், அச்சம், சந்தேகம், பிறர் நன்மையை மறைத்தலும் வணங்காமையும், ஆதாயமும் பொய்யாய் வந்த புகழும், தன்னை உயர்த்திப் பிறரைத் தாழ்த்துதல்.

இது அவ்வளவு ஒழுங்கான பட்டியல் அல்ல. பசியும் புகழும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஆனால் வாழ்க்கைக்கு மிக அருகில் இருப்பது இதுதான். அச்சம் மற்ற இரண்டிலும் தனியாக இல்லை. பசி இல்லை. நாலு பேர் ‘நீங்கள் எவ்வளவு நிதானமானவர்’ என்று சொல்லச் சொல்ல உள்ளே ஊறுகிற இன்பத்தை நீவரணங்களில் எங்கே வைப்பது? ஆசையில் இழுத்துப் பிடித்து வைக்கலாம், பொருந்தாது. மாரன் படையில் அதற்குத் தனி இடமே இருக்கிறது. ஆன்மிகத்தில் வளர வளரத்தான் பலம் பெறுகிற தடை இது. ஆரம்பத்தில் இருப்பவரை யார் புகழப்போகிறார்கள்?

காமம், வெகுளி, மயக்கம் என்ற மூன்றின் கணக்கு தமிழருக்குப் புதிதல்ல. மணிமேகலையின் கடைசிக் காதையில் மூன்றுக்கும் மாற்று உண்டு. நிலையாமை, துன்பம், ஆன்மா இன்மை, அசுத்தம் என்று பார்த்துப் பற்றை அறுக்கவேண்டும். மைத்திரி (நட்புள்ளம்), கருணை, முதிதை (பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல்) கொண்டு வெகுளியை. கேட்டல், சிந்தித்தல் வழியாக மயக்கத்தை. சுருக்கம் அழகுதான், ஆனால் தூங்கி வழிகிறவருக்கு ‘மயக்கம்’ என்று சொல்லி என்ன பயன்?

மைத்ரேயர், அசங்கர் மரபில் வரும் மத்யாந்தவிபாகம் என்ற மகாயான நூலின் ஐந்து குறைகளை நீவரணத்துக்கு நேர்ப் போட்டியாக வைக்கலாம். சோம்பல், உபதேசத்தை மறத்தல், மந்தமும் கிளர்ச்சியும், செய்யவேண்டியபோது செய்யாமை, தேவையில்லாதபோதும் செய்தல். இவற்றுக்குச் சொல்லும் எட்டு மாற்றுகளில் நான்கு சோம்பலுக்கே. உட்காரவே மனம் வராதவருக்கு நான் இதைத்தான் முதலில் கொடுப்பேன். நீவரணங்கள் உட்கார்ந்த பிறகுதான் பேசுகின்றன. ஐந்தாவது குறையைப் பாலிப் பட்டியல்கள் மூன்றும் இப்படித் தனியே பிரித்துச் சொல்லவில்லை: மனம் தானாக நிலைத்த பிறகும் எந்தத் தடை வந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பது. நான்கு பட்டியலையும் மனப்பாடம் செய்தவர்களுக்குத்தான் இது சீக்கிரம் வருகிறது.