காற்றில் எழுதுவதா, கண்ணாடியில் எழுதுவதா?

போனைப் பேனா போலப் பிடித்துக் காற்றில் ‘அம்மா’ என்று எழுதினேன். திரையில் ஜிலேபி வந்தது.

அப்பாவுக்குக் கீபோர்டில் தமிழ் எழுத்தைத் தேடி எடுப்பது பெரும்பாடு. அவருக்காகத்தான் இதில் இறங்கினேன். போனின் அசைவு உணரிகளை வைத்துக் காற்றில் எழுத வைக்கலாம், இல்லையென்றால் கூகுளின் கீபோர்டு செயலியான ஜிபோர்டின் கையெழுத்துப் பலகையில் விரலால் எழுத வைக்கலாம். குரல் தட்டச்சு முதலிலேயே அடிபட்டுவிட்டது. எல்லார் காதிலும் விழும்படி செய்தி சொல்ல அவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு ஞாயிறு போனபின் நான் விரல் கட்சி.

காற்றில் எழுதும் யோசனை புதிதில்லை. 2009-இலேயே அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நோக்கியா என்95 போனைக் கொண்டு ‘போன்பாயிண்ட் பென்’ என்று செய்து காட்டினார்கள். ஒரு கை போதும், திரையைப் பார்க்க வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் தான் எங்கே இருக்கிறோம் என்பது போனுக்குத் தெரியாது. அதிலுள்ள ஆக்சிலரோமீட்டர் என்ற உணரி சொல்வது முடுக்கத்தை, அதாவது வேகம் மாறும் வீதத்தை மட்டும். அதை நொடிநொடியாகக் கூட்டித் தொகுத்தால் வேகம், மறுபடி தொகுத்தால்தான் இடம். புவியீர்ப்பும் அதில் கலந்தே வரும். போனின் சாய்வைக் கணித்து அதைக் கழிக்க வேண்டும். அந்தச் சாய்வில் ஒரே ஒரு டிகிரி பிசகினால், வினாடிக்கு வினாடி 0.17 மீட்டர் வீதம் ஒரு பொய் வேகம் ஏறிக்கொண்டே போகும். முதல் வினாடி முடிவில் எட்டரை சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும், இரண்டாவது வினாடியில் 34. நான் காற்றில் போடும் எழுத்தே அவ்வளவு பெரிது இல்லை! ‘ட’ எப்படியோ பிழைத்துக்கொள்கிறது. ‘ஞ’ முடிவதற்குள் எழுத்து ஊரைவிட்டே போய்விடுகிறது. போன் சுழல்வதை அளக்கும் ஜைரோஸ்கோப்பைச் சேர்த்தால் ஓரளவு அடங்கும், அவ்வளவுதான்.

அப்புறம் புள்ளி. ‘க’ முடித்துப் புள்ளி வைக்கக் கை மேலே போகும் வழியும் கோடாகவே விழுகிறது. ‘கொ’ என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. வால்யூம் பட்டனை அழுத்தியிருந்தால் மட்டும் கோடு விழும்படி மாற்றிப் பார்த்தேன். பட்டனை அழுத்தும்போதே போன் லேசாகச் சாய்கிறது. மறுபடியும் அதே ஒரு டிகிரி.

கையெழுத்துப் பலகையில் இந்தத் தலைவலியே இல்லை. விரல் போன பாதை, விரலைத் தூக்கிய இடம் இரண்டும் திரைக்கு நேரடியாகத் தெரியும். ‘ர’வும் காலும் சில நேரம் குழம்பும், முழுச் சொல்லாக எழுதினால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது.

உணரிகளை ஒரேயடியாகத் தள்ளவும் மனம் வரவில்லை. நாலைந்து அசைவுகளை மட்டும் அடையாளம் காண்பதென்றால் பாதையைக் கணக்கிடவே வேண்டாம், அசைவின் வடிவத்தை ஒப்பிட்டாலே போதும். டார்ச் போட, அழைப்பைத் துண்டிக்க அது சரி. நான் சோதித்ததும் ஒரே ஒரு நடுத்தர விலைப் போனில், என் கையால் மட்டும்தான். பார்வையற்றவர் ஒருவர் எழுதிப் பார்த்தால் வேறு முடிவுக்கு வரலாம்.

அப்பாவுக்கு இப்போது ஒரே குறை, பலகை சின்னது. நீளமான சொல் பாதியில் முட்டிக்கொள்கிறது. போனைப் படுக்கையாகத் திருப்பிப் பிடிக்கக் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.