குய்சினேர் நிறக்குச்சிகள்: 74 குச்சிப் பெட்டி ஒன்று போதுமா?

ஒன்றாம் வகுப்பில் சேரும் முன்பே ஐந்தாம் வாய்ப்பாட்டைக் கடகடவென ஒப்பிக்கும் பிள்ளைக்கு அடுத்து என்ன என்று கேட்டால், அக்கம்பக்கத்தில் வரும் பதில் அநேகமாக அபாகஸ் வகுப்பாகத்தான் இருக்கும். ஏற்கெனவே வேகமாக இருக்கும் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் வேகம்! அந்தப் பணத்தில் நீளத்துக்கு ஒரு நிறமாக வரும் குய்சினேர் குச்சிகளை வாங்கலாம் என்பது எங்கள் கட்சி. நாலு வயதிலிருந்து எட்டு வயது வரையிலான மீத்திறன் குழந்தைக்கு இதைவிட ஆழமாகப் போகும் கணிதப் பொருள் குறைவு. ஆனால் தவறாகக் கொடுத்தால் இரண்டே நாளில் அலமாரிக்குப் போய்விடும்.

பெல்ஜியத்தின் துவான் ஊரில் ஆசிரியராக இருந்த ஜார்ஜ் குய்சினேர் உருவாக்கியது இது. 1952-ல் இதைப் பற்றி அவர் நூல் எழுதினார். பல நாட்டு வகுப்பறைகளுக்குக் கொண்டுபோனவர் கணிதக் கல்வியாளர் காலெப் கத்தேன்யோ. எல்லாக் குச்சிக்கும் 1 செ.மீ. அகலம், 1 செ.மீ. உயரம். நீளம் மட்டும் 1-லிருந்து 10 செ.மீ. வரை. வெள்ளை, சிவப்பு, இளம்பச்சை, ஊதா, மஞ்சள், கரும்பச்சை, கருப்பு, பழுப்பு, நீலம், ஆரஞ்சு என்பது வரிசை. 74 குச்சிப் பெட்டியில் வெள்ளை 22, சிவப்பு 12, இளம்பச்சை 10, ஊதா 6, மற்ற ஆறு நிறங்களிலும் தலா 4.

குச்சியில் எண் எதுவும் இருக்காது. அதற்குத்தான் காசு. 6 என்று அச்சடித்துவிட்டால் அந்தக் குச்சி கடைசிவரை 6-தான். அச்சடிக்காததால் கரும்பச்சையை 1 என்று வைத்துக்கொண்டு, இளம்பச்சை அரை, சிவப்பு மூன்றில் ஒன்று, வெள்ளை ஆறில் ஒன்று என்று போகலாம். மறுநாள் வெள்ளையை 100 என்று வைத்தால் மஞ்சள் 500. ஐந்து வயதில் பின்னம் புரியுமா என்று கேட்பவர்கள் இதை ஒருமுறை விளையாடவிட்டுப் பார்க்கட்டும்.

வாங்கியதும் பத்து வெள்ளைகளை ஓர் ஆரஞ்சுக்குப் பக்கத்தில் அடுக்குங்கள். முனைகள் சமமாக முடிய வேண்டும். மலிவான மரக்குச்சிகளில் வெள்ளை வரிசை கொஞ்சம் நீண்டுவிடும். காரணம் பெயின்ட். ஓர் ஆரஞ்சுக்கு இரண்டு முனைகளில்தான் பூச்சு, பத்து வெள்ளைகளுக்கோ இருபது முனைகளில். இப்படிப்பட்ட பிள்ளைகள் அரை மில்லிமீட்டரையும் விடமாட்டார்கள். ‘சமம்’ என்று நீங்கள் சொல்வதை நம்பவும் மாட்டார்கள். சமமாக முடியாவிட்டால் திருப்பி அனுப்பிவிட்டு பிளாஸ்டிக் பெட்டியை வாங்குங்கள். செ.மீ.க்கு ஒரு கோடு போட்ட குச்சி, ஒன்றோடொன்று கோக்கும் குச்சி இரண்டும் வேண்டாம். கோடு இருந்தால் பிள்ளை கோட்டை எண்ணிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

முதல் சில நாட்கள் எதையும் சொல்லித்தராதீர்கள். கோபுரம் கட்டட்டும், படிக்கட்டு அடுக்கட்டும். எது எதற்குச் சமம் என்பது கைக்குத் தானாக வந்துவிடும். இங்கேதான் பெரியவர்கள் கெடுப்பது: பெட்டியைத் திறந்ததுமே “இது மூணு, இது நாலு” என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஏற்கெனவே கூட்டத் தெரிந்த பிள்ளை “3+4=7, தெரியும்” என்று எழுந்து போய்விடும். நிறப் பெயரிலேயே பேசுங்கள். எழுதத் தொடங்கினால் வெ, சி, ம, நீ என்று எழுத்துகளை வைத்துக்கொள்ளலாம். பச்சை இரண்டு, போதாததற்குப் பழுப்பு வேறு, மூன்றும் முட்டிக்கொள்ளும். எதற்கு எந்த எழுத்து என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். ‘ம = சி + சி + வெ’ என்று எழுதிவிட்டால் அல்ஜீப்ரா தொடங்கியாயிற்று.

பிறகு ரயில், அதாவது குச்சிகளை முனையோடு முனை சேர்த்து அடுக்குவது. ஒரு குச்சியின் நீளத்துக்கு எத்தனை விதமாக ரயில் கட்டலாம்? குச்சிகளின் வரிசை மாறினால் வேறு ரயில். வெள்ளைக்கு 1, சிவப்புக்கு 2, இளம்பச்சைக்கு 4, ஊதாவுக்கு 8, மஞ்சளுக்கு 16. மஞ்சளில் ஒரு சிக்கல். பதினாறு ரயிலையும் ஒரே நேரத்தில் கட்ட 28 வெள்ளை தேவை, பெட்டியில் 22-தான். சிவப்பு 12 சரியாகத் தீர்ந்துவிடும். நடுவில் குச்சி தீர்ந்தால், எல்லாம் கச்சிதமாக முடிய வேண்டும் என்று அடம்பிடிக்கும் குழந்தை அழுதே விடும். இரண்டு பெட்டி வாங்குங்கள் என்று சொல்வது இதற்காகவே. கரும்பச்சைக்கான 32 ரயிலுக்கு இரண்டு பெட்டியும் போதாது (64 வெள்ளை வேண்டும்), ஆனால் அதற்குள் கட்டாமலே சொல்லும் நிலை வந்திருக்கும். ஏன் ஒவ்வொரு தடவையும் இரட்டிக்கிறது என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். முந்தைய ரயிலின் வாலில் ஒரு வெள்ளையைச் சேர்க்கலாம், அல்லது கடைசிக் குச்சியை எடுத்துவிட்டு அடுத்த அளவை வைக்கலாம். ஆக ஒவ்வொரு ரயிலும் இரண்டாகிறது. பிள்ளை இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகலாம், ஆகட்டும்.

வெள்ளையும் சிவப்பும் மட்டும் போட்டுக் கட்டினால் எண்ணிக்கை 1, 2, 3, 5, 8 என்று போகும். மஞ்சள் நீளத்தின் எட்டு ரயிலுக்கும் 20 வெள்ளை, 10 சிவப்பு. ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும். வெள்ளையைக் குறில், சிவப்பை நெடில் என்று வைத்தால் ஐந்து மாத்திரையை எட்டு விதமாக அமைக்கலாம் என்று ஆகிறது. வடமொழி யாப்பில் இதே கணக்கைச் சமண அறிஞர் ஹேமச்சந்திரர் 12-ஆம் நூற்றாண்டில், இந்த எண்வரிசைக்குப் பெயர் தந்த ஃபிபனாச்சிக்கு முன்பே சொல்லிவிட்டார். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு இது தனி குஷி.

மூளை எட்டு வயதில் ஓடினாலும் விரல் ஐந்து வயதில்தான் இருக்கும். குச்சி சரிந்து வரிசை கலைந்தால் கோபம் வரும். விளிம்புள்ள ட்ரேயைக் கொடுங்கள். ஒரு பக்க விளிம்பில் அண்டக் கொடுத்து அடுக்கினால் நேராக நிற்கும். துண்டு, மெத்தை மேல் வேண்டாம்.

நம்பர்பிளாக்ஸ் என்ற எண் கார்ட்டூன் பார்க்கும் பிள்ளைக்கும், எண்ணுக்கு ஒரு நிறமாக வரும் மான்டிசோரி மணிகளோடு பழகிய பிள்ளைக்கும் சிவப்பு என்றால் 1. இங்கே சிவப்பு, வெள்ளையைப்போல் இரு மடங்கு. எண்ணே சொல்லாமல் தொடங்கினால் இந்தக் குழப்பமும் பெரிதாக வராது.

பத்துக்குப் பத்து என்ற நூறு சதுரத்துக்குப் பத்து ஆரஞ்சு வேண்டும். இரண்டு பெட்டியிலும் சேர்த்தே எட்டுதான். மீதி இரண்டு வரிசையை நாலு மஞ்சளால் நிரப்பலாம். உடனே செலவழிக்க மனமில்லாதவர்கள் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை 1 செ.மீ. அகலக் கீற்றுகளாக வெட்டி நிறம் தீட்டிப் பார்க்கலாம். ரயிலுக்கும் பின்னத்துக்கும் போதும், கோபுரம் கட்ட முடியாது. வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை இருந்தால் வெள்ளைக் கட்டைகள் தொண்டையில் சிக்கும் அளவு. எடுத்து வைக்கும்போது பெட்டிக்கு 22 வீதம் இருக்கிறதா என்று எண்ணுங்கள். பக்கத்தில் உட்கார யாருக்கும் நேரமில்லாத வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். சரியா தப்பா என்பதைக் குச்சி காட்டிவிடும், அடுத்த கேள்வியை ஓர் ஆள்தான் கேட்க வேண்டும்.