கடல்நீர்த் தொட்டிக்குப் பழைய கல்: மூன்றரை வருட அனுபவம்

என்னுடையது மூன்றடி நீளமுள்ள கடல்நீர் மீன்தொட்டி. அகலமும் உயரமும் ஒன்றரை அடி. கல், மணல் எல்லாம் போக ஏறக்குறைய 150 லிட்டர் தண்ணீர் நிற்கும். தொட்டி, விளக்கு, ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) வாங்கி முடித்தபோதே கையிருப்பு கரைந்துவிட்டது. கல்லுக்கென்று மிஞ்சியது நாலாயிரம் ரூபாய்தான். புது டிரை ராக்குக்கு (உயிர் எதுவும் இல்லாத காய்ந்த கல்) கடைகளில் கேட்ட விலைக்கு அந்தப் பணத்தில் பாதித் தொட்டிகூட நிறையாது.

நன்னீர்த் தொட்டியில் கல் பெரும்பாலும் அலங்காரத்துக்குத்தான். கடல்நீரில் அப்படியில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களுக்குக் கல்லின் துளைகள்தான் வீடு. உள்ளே ஆழத்தில், ஆக்சிஜன் குறைந்த இடத்தில் குடியேறுபவை நைட்ரேட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். அதனால் எத்தனை கிலோ என்பதைவிட எவ்வளவு துளை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஒரு கடையில், கடலிலிருந்து நேராக எடுத்த கல் மலிவாகத் தருகிறேன் என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. சட்டத்தை விடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் கடலுக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பவளப்பாறைகளை அந்தக் காலத்தில் வெட்டி எடுத்ததைத்தான் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். அந்தக் கடலிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்து என் வரவேற்பறையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில், தொட்டியைக் கலைத்த ஒருவரிடம் பழைய கல் கிடைத்தது. கிலோ 200 ரூபாய். மொட்டைமாடியில் இரண்டு சாக்கில், வெயிலில் வெளுத்துக் கிடந்தது. ஒரு வாளித் தண்ணீரும் சின்ன பாட்டில் வினிகரும் கொண்டுபோயிருந்தேன். வினிகர் நாலு சொட்டு விட்டதும் நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல், கடல்நீருக்கு ஒத்துப்போகும். அப்புறம் ஒவ்வொரு கல்லாக வாளியில் போட்டேன். சில கற்கள் நாலு குமிழி விட்டு அடங்கிவிட்டன. சில, உஸ்ஸென்ற சத்தத்தோடு பத்து நிமிடம் வரை காற்றை விட்டுக்கொண்டே இருந்தன. தலை அளவு இருந்தாலும் ஒரு கையால் தூக்க முடிந்தது. அவைதான் எனக்கு வேண்டியவை. துருப்பிடித்த மாதிரி செம்பழுப்புக் கோடு ஓடிய இரண்டை ஒதுக்கினேன், உள்ளே இரும்பு இருக்கலாம் என்ற பயம். மொத்தம் 16 கிலோ, 3,200 ரூபாய்.

பழைய கல்லில் ஒரு சங்கடம் உண்டு, அதை விவரமாகச் சொல்லியாக வேண்டும். வருடக்கணக்கில் மீன் தீனியும் கழிவும் பட்ட கல், பாசிக்கு உரமாகும் பாஸ்பேட்டை உள்ளே இழுத்து வைத்திருக்கும். சுத்தமான தண்ணீரில் போட்டதும் அதைத் திரும்ப விட ஆரம்பிக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்தேன், பிளீச்சில் ஊறவைத்தேன், நன்றாக அலசி ஒரு வாரம் வெயிலில் காயவைத்தேன். (பிளீச்சோடு ஆசிட்டை எந்தக் காரணத்துக்காகவும் கலக்காதீர்கள், வெளிவரும் குளோரின் வாயு நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.) அதன்பின் ஒரு டிரம்மில் ஆர்ஓ தண்ணீர் நிரப்பி, பவர்ஹெட் (நீரோட்டம் உண்டாக்கும் சின்ன மோட்டார்) ஓடவிட்டு, வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றினேன். முதல் வாரம் பாஸ்பேட் டெஸ்ட் கிட்டில் தண்ணீர் கருநீலமாக மாறியது, நீலம் அடர்ந்தால் பாஸ்பேட் அதிகம் என்று அர்த்தம். மூன்றாம் வாரமும் நீலம் போகவில்லை. இன்னும் ஒரு மாதம் பொறுத்திருக்க வேண்டும். ஆசை அடங்காமல் கல்லைத் தொட்டிக்குள் அடுக்கிவிட்டேன்.

அந்த ஒரு மாத அவசரத்துக்கு ஐந்து மாதம் கொடுத்தேன். முதலில் பழுப்புப் பாசி வந்து போனது, அது பெரும்பாலான புதுத் தொட்டிகளில் வரும். பின்னால் வந்த பச்சை முடிப்பாசி போகவே இல்லை. ஞாயிறு தோறும் பல்தேய்க்கும் பிரஷும் குழாயுமாக உட்கார்ந்து தேய்த்து உறிஞ்சி எடுத்தேன். பாஸ்பேட் உறிஞ்சும் துகள்களுக்குச் செலவான பணத்தைச் சேர்த்தால், கல் வாங்கியதில் மிச்சம் பிடித்ததில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி மிச்சம்தான். ஆனால் அந்த ஐந்து மாதத்தில் இரண்டு முறை தொட்டியை விற்றுவிடலாமா என்று யோசித்தேன்.

நான் செய்ததில் மிகச் சரியானது, நண்பர் தன் தொட்டியிலிருந்து கொடுத்த ஒன்றரைக் கிலோ லைவ் ராக்கை (பாக்டீரியா ஏற்கெனவே குடியேறிய ஈரமான கல்) நடுவில் வைத்தது. தொட்டித் தண்ணீரிலேயே மூழ்கவைத்து வாளியில் கொண்டுவந்தேன். காய்ந்த கல் வெறும் கூடு, இதில்தான் உயிர் இருந்தது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வர ஐந்து வாரம் ஆனது. கூடவே ஐப்டேசியா என்ற தொல்லைபிடித்த அனிமோன் ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. கால்சியம் ஹைட்ராக்சைடைக் கூழாகக் கரைத்து சிரிஞ்சால் அதன் வாயில் விட்டுத் தீர்த்தேன். லைவ் ராக் கிடைத்தால் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள்.

ஏழாம் மாதம் ஒரு இரவு டார்ச் அடித்துப் பார்த்தபோது, வெள்ளைக் கல் ஒன்றின் ஓரத்தில் மிளகு அளவுக்கு ஊதாப் பொட்டு ஒன்று தெரிந்தது. கோரலைன் பாசி, கல்லின் மேல் ஊதா நிற ஓடு போலப் படரும் நல்ல பாசி. வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன். இன்று எது காய்ந்த கல், எது நண்பர் கொடுத்தது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. இரண்டு க்ளவுன் மீன்கள் அந்தப் பொந்துகளில்தான் தூங்குகின்றன.

ஒன்றை மட்டும் இன்று செய்தால் மாற்றிச் செய்வேன். 16 கிலோவையும் பின்பக்கக் கண்ணாடியோடு சுவர் மாதிரி அடுக்கிவிட்டேன். பின்னால் நீரோட்டம் போகாமல் கழிவு தேங்குகிறது, கை நுழையாது. துளையுள்ள கல்லாக இருந்தால் 11, 12 கிலோ போதும். கண்ணாடியிலிருந்து நாலு விரல் தள்ளி, மணல் போடுவதற்கு முன்பே அடித்தளத்தில் ஆடாமல் உட்காரவைத்து, பசை போட்டு இறுக்குங்கள். மீதி நாலைந்து கிலோவை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் துண்டு, லைவ் ராக் தந்த அதே நண்பரின் புதுத் தொட்டிக்குப் போயிருக்கிறது.