எடை குறைந்த ஓட்டக் காலணி: குமரி மாவட்டச் சாலைகளுக்கு எது ஒத்துவரும்?

அன்றாட ஓட்டப் பயிற்சிக்கென்று எடை குறைந்த ஷூ ஒன்றைத் தேடுபவருக்கு இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் வேறு நாடுகளில், வேறு தட்பவெப்பத்தில் ஓடி எழுதப்பட்டவை. அவற்றில் கிராம் கணக்கும், ஷூவின் அடியில் மெத்தையாக இருக்கும் ஃபோமின் துள்ளலும் முதலிடம் பெறுகின்றன. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பெறும் கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்த வரிசை அப்படியே பொருந்தாது. ஜூனில் தொடங்கும் ஈரம் நடுவில் சற்று இடைவெளி விட்டு டிசம்பர் வரை நீள்கிறது. மழையில்லாத மாதங்களிலும் கடற்காற்றின் ஈரப்பதத்தால் சில கிலோமீட்டருக்குள்ளேயே காலுறை வியர்வையில் ஊறிவிடுகிறது. ஆகவே, பெட்டியில் இருக்கும்போது ஷூ எத்தனை கிராம் என்பதை இரண்டாவதாக வைத்து, நனைந்த பிறகு அது எவ்வளவு கனக்கிறது, நனைந்த தரையை எப்படிப் பற்றுகிறது என்பவற்றை முன்னே வைத்து நான்கு ஷூக்களை இங்கே எதிரெதிரே நிறுத்துகிறேன். சாக்கனி கின்வாரா, ஏசிக்ஸ் நோவாபிளாஸ்ட், பூமா வெலாசிட்டி நைட்ரோ, நைக்கி பெகாசஸ் ஆகியவையே அந்த நான்கு.

எடைக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடுதலாக ஏற்றியபோது ஓடுவதற்கான ஆற்றல் செலவு ஏறத்தாழ 1 சதவீதம் கூடியது. 3000 மீட்டர் ஓட்டத்தின் நேரம் 0.78 சதவீதம் நீண்டது. அதே விகிதத்தை வைத்துக் கணக்கிட்டால், 5 கிலோமீட்டரை 25 நிமிடத்தில் ஓடுபவர் இழப்பது ஏறத்தாழ 12 விநாடி. நாகர்கோவில் அறிஞர் அண்ணா விளையாட்டரங்கில் காவலர் தேர்வுக்காகச் சுற்றி வரும் இளைஞருக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடித்தாக வேண்டும். அவர் இழப்பது 3 விநாடி. தேர்வு நாளில் எல்லைக்கோட்டருகே நிற்பவருக்கு அந்த 3 விநாடி பெரிய விஷயம்தான். ஆனால் தினப்பயிற்சியில் கடிகாரத்தோடு மல்லுக்கட்டுவதில்லை. நாளைக்கும் நாளை மறுநாளும் காயமின்றி ஓட முடிகிறதா என்பதே அங்கு கேள்வி. இதே பல்கலைக்கழகத்தில் 2012-இல் நடந்த மற்றோர் ஆய்வு, வெறுங்காலோடு ஓடுவது எடை குறைந்த ஷூ அணிந்து ஓடுவதைவிட ஆற்றலைச் சேமிக்கவில்லை என்று காட்டியது. மெத்தை செய்யும் வேலையை வெறுங்காலில் தசைகள் செய்ய வேண்டியிருப்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். எடையைக் குறைத்துக்கொண்டே போனால் ஓட்டம் எளிதாகிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கைக்கு இது நல்ல மறுப்பு.

நான்கின் அடிப்படைக் கணக்கு இது. நாம் எட்டாம் அளவு என்று வாங்கும் ஆண்கள் ஷூவில், கின்வாரா 200 கிராமுக்குச் சற்று முன்பின் இருக்கும். நோவாபிளாஸ்ட்டும் வெலாசிட்டி நைட்ரோவும் பதிப்பைப் பொறுத்து ஏறத்தாழ 230 முதல் 270 கிராமுக்குள் அடங்குகின்றன. பெகாசஸ் 280 கிராமை ஒட்டி நிற்கிறது. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வேறுபாடு கின்வாராவில் 4 மில்லிமீட்டர், நோவாபிளாஸ்ட்டில் 8, மற்ற இரண்டிலும் 10. பதிப்புக்குப் பதிப்பு எடை சில கிராம் ஏறி இறங்கினாலும் இவற்றின் குணம் பெரிதாக மாறுவதில்லை. பெகாசஸ் 1983-இல் வந்தது; கின்வாரா 2010-இல் வந்தது; மற்ற இரண்டும் புதியவை.

இனி ஈரத்துக்கு வருவோம். ஷூவின் நடுவிலுள்ள ஃபோம் மூடிய நுண்ணறைகளால் ஆனது என்பதால் அது தண்ணீரை அவ்வளவாகக் குடிப்பதில்லை. குடிப்பவை வேறு இடங்களில் இருக்கின்றன: லேஸுக்கடியில் இருக்கும் பஞ்சு வைத்த நாக்கு, கணுக்காலைச் சுற்றியுள்ள தடித்த விளிம்பு, உள்ளே போட்டிருக்கும் இன்சோல், அதற்கும் கீழே ஒட்டித் தைத்த துணிப்பலகை. கடையில் புது ஷூவை நனைத்துப் பார்க்க யாரும் விடமாட்டார்கள். அதற்குப் பதிலாக நாக்கையும் விளிம்பையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். விரல்கள் ஏறக்குறைய தொட்டுக்கொண்டால் அது சீக்கிரம் வடியும், சீக்கிரம் உலரும். மெத்தென்று எதிர்த்துத் தள்ளினால், கடையில் சுகமாகத் தோன்றும் அதே மென்மை மழைநாளில் தண்ணீரைத் தேக்கி வைக்கும். இன்சோலை வெளியே உருவிப் பார்ப்பதும் நல்லது. சில ஷூக்களில் அது ஒட்டப்பட்டிருக்கும். அப்படியானால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தனியே எடுத்து உலர்த்த முடியாது. ஏற்கெனவே ஒரு ஜோடி வைத்திருப்பவர், மழையில் ஓடப் போகுமுன்னும் வந்தபின்னும் சமையலறை மின்தராசில் ஒற்றை ஷூவை வைத்து நிறுத்துப் பார்த்தால், கிராம் விளம்பரங்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது தெரிந்துவிடும்.

இந்த அளவுகோலில் கின்வாரா முன்னே வருகிறது. அதன் மேற்துணி மெல்லியது, பஞ்சு குறைவு. உலர்ந்தபோதுள்ள எடைக்கும் நனைந்தபோதுள்ள எடைக்கும் இடைவெளி சிறியது. பெகாசஸ் இதற்கு நேர்மாறு. அதன் நாக்கும் விளிம்பும் சொகுசுக்காகவே தடித்தவை. உலர்ந்திருக்கும்போதே நான்கில் கனமானது, நனைந்தால் இடைவெளி இன்னும் கூடும். நோவாபிளாஸ்ட்டும் வெலாசிட்டியும் நடுவில் நிற்கின்றன. அவற்றுக்கிடையே இந்த ஒரு விஷயத்தில் பெரிதாகப் பிரித்துச் சொல்ல எதுவுமில்லை.

தரையைப் பற்றுவதில் கதை மாறுகிறது. நம் ஊர்ச் சந்துகளில் தார்ச்சாலையைவிட அலங்காரத் தரைக்கற்கள் எனப்படும் பேவர் பிளாக்தான் அதிகம். புதிதில் சொரசொரப்பாக இருக்கும் அந்தக் கல், இருபுறமும் மதிலும் மரநிழலும் இருக்கும் இடங்களில் ஒரு மழைக்காலத்துக்குள் பாசி பூத்து வழவழப்பாகிவிடுகிறது. விளவங்கோடு, கல்குளம், திருவட்டாறு வட்டங்களில் ஓடுபவருக்கு இது தினசரி அனுபவம். மேட்டுக் காங்கிரீட் சாலைகளும், ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் டிசம்பர், ஜனவரியில் பனியில் நனைந்து கிடக்கும் சருகும் இதோடு சேர்ந்துகொள்ளும். பாசி படிந்த இறக்கத்தில் முன்கால் அரை அடி நழுவினால் போதும், தொடையின் உட்புறத் தசை இழுத்துப் பிடித்து ஒரு வாரம் ஓட்டம் கெடும்.

இங்குதான் பூமாவின் வெலாசிட்டி நைட்ரோ மற்ற மூன்றையும் விட்டு விலகி நிற்கிறது. பூமாகிரிப் என்ற பெயரில் அந்நிறுவனம் பயன்படுத்தும் ரப்பர், ஈரத்தில் பற்றுவதற்கு ஓட்டக்காரர்களிடையே நல்ல பெயர் பெற்றது. அது சோலின் பெரும்பரப்பையும் மூடியிருக்கிறது. அழுத்தத்தில் நைட்ரஜன் செலுத்தித் தயாரிக்கப்படும் அதன் ஃபோம் இலேசானது, துள்ளலும் உண்டு, ஆனால் குழையும் அளவுக்கு மென்மையானது அல்ல. கின்வாராவில் எடையைக் குறைப்பதற்காக ரப்பரைத் திட்டுத் திட்டாக மட்டும் ஒட்டி, மீதிச் சோலில் ஃபோமையே தரையில் படவிட்டிருக்கிறார்கள். உலர்ந்த சாலையில் அதனால் குறையில்லை. ஈரமான பாசிக்கல்லில் வெறும் ஃபோம் நம்பத்தக்கதல்ல. போதாததற்கு, சரளை கிடக்கும் சாலையோரங்களில் அது விரைவாகத் தேயவும் செய்யும். நோவாபிளாஸ்ட்டின் ரப்பர் நீடித்து உழைக்கும், ஆனால் ஈரப் பிடிப்பில் பூமாவுக்கு ஈடில்லை. பெகாசஸின் சோல் உறுதியானது, தேய்மானம் குறைவு. ஈரத்தில் நடுத்தரம் என்று சொல்லலாம்.

நோவாபிளாஸ்ட் மீது எனக்கு மரியாதை உண்டு. அதை எல்லாருக்கும் பரிந்துரைக்கத் தயங்குவதற்குக் காரணம் அதன் உயரம். அண்மைப் பதிப்புகளில் குதிகாலுக்கடியில் 41.5 மில்லிமீட்டர் இருக்கிறது. உலகத் தடகள அமைப்பு சாலைப் போட்டிகளுக்கு விதித்திருக்கும் உச்சவரம்பே 40 மில்லிமீட்டர்தான். நம் ஊர் மாரத்தானில் யாரும் அளவுகோலோடு வந்து மடக்கப் போவதில்லை என்பது வேறு விஷயம். அத்தனை உயரமான, மென்மையான ஃபோம்மீது நிற்கும் கால், சாலை சமமாக இருக்கும்வரை சுகப்படும். மணக்குடி வழியாகக் கடற்கரையை ஒட்டிச் செல்லும் நீண்ட சாலையில் ஞாயிற்றுக்கிழமை 15, 20 கிலோமீட்டர் ஓடுபவருக்கு நான்கில் இதுவே முழங்காலுக்கு இதமானது. ஆனால் மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் பக்கம் வாருங்கள். நடைபாதை கிடையாது, எதிரே பேருந்து வந்தால் தாரிலிருந்து இறங்கித்தான் ஆக வேண்டும், இறங்குமிடத்தில் தாரின் விளிம்பு நான்கு விரற்கடை ஆழத்துக்கு உடைந்திருக்கும். உயரமான ஷூவில் அந்த விளிம்பை மிதித்தால் கணுக்கால் மடங்கும் வாய்ப்பு கூடுதல். சானல் எனப்படும் பாசனக் கால்வாயின் கரையில் ஓடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கின்வாராவின் 4 மில்லிமீட்டர் உயர வேறுபாடு குறித்தும் ஒரு வார்த்தை. குதிகால் தாழ்ந்திருக்கும் ஷூவில் கெண்டைக்காலும் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரும் கூடுதலாக உழைக்க வேண்டும். பத்து மில்லிமீட்டர் ஷூவிலேயே பழகியவர் ஒரே நாளில் இதற்கு மாறி, அதுவும் மேற்குப் பக்கத்து ஏற்றங்களில் ஓடினால், காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது வலி தெரியும். வாரத்தில் ஒன்றிரண்டு குறுகிய ஓட்டங்களில் தொடங்கிப் பழக்கிக்கொண்டால் தொல்லையில்லை. ஏற்கெனவே சீராக ஓடுபவர், ஓட்டமெல்லாம் விளையாட்டரங்கிலும் நல்ல தார்ச்சாலையிலும் என்றால், வெயில் காலத்துக்கு கின்வாராவை மிஞ்ச இந்த நான்கில் வேறில்லை. ஆரல்வாய்மொழிப் பக்கம் ஜூன், ஜூலையில் முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றை எதிர்த்து ஓடுபவருக்கு மட்டும் 60 கிராம் மிச்சமானது தெரியவே தெரியாது.

கடற்கரை மணலில் ஷூவோடு ஓடலாமா என்று பலர் கேட்பதுண்டு. சொத்தவிளையிலோ மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கரையிலோ ஓடுவதாயிருந்தால் இந்த நான்கில் எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். நம் கரையின் கருமையும் செம்மையும் கலந்த மணலில் இல்மனைட் என்ற கனிமத்தோடு கார்னெட்டும் இருக்கிறது. தொழிற்சாலைகளில் உலோகத்தைத் தேய்க்கவும் உப்புத்தாள் செய்யவும் பயன்படும் கனிமம் கார்னெட். வலை போன்ற மெல்லிய மெஷ் துணிக்குள் புகுந்த கார்னெட் மணல் கழுவினாலும் முழுமையாகப் போவதில்லை. இன்சோலுக்கும் காலுறைக்கும் நடுவே இருந்துகொண்டு இரண்டையும் அரைக்கும், கடைசியில் பாதத் தோலையும். மெஷ் எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு மணல் உள்ளே போகும் என்பதால், காற்றோட்டம் மிகுந்த ஷூவுக்கே இங்கு சேதம் அதிகம்.

உலர்த்துவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இலேசான ஷூக்கள் இங்கே ஓடித் தேய்ந்து சாவதைவிட ஊறிக் கெடுவதே அதிகம். இன்சோலை உருவி, லேஸைத் தளர்த்தி, பழைய நாளிதழைக் கசக்கி உள்ளே திணித்து, அது ஈரமானதும் மாற்றி, மின்விசிறிக்கடியில் வைக்க வேண்டும். மொட்டை மாடி வெயிலிலும் அடுப்பங்கரையிலும் வைத்தால் ஃபோம் சுருங்கும், பசை இளகும். மழைக்காலத்தில் ஒரு ஜோடி ஒரே இரவில் உலராது. அதனால் விலையுயர்ந்த ஒரே ஜோடியைவிட நடுத்தர விலையில் இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி அணிவது இந்த மாவட்டத்துக்குப் பொருத்தமான ஏற்பாடு. ஒன்றே வாங்க முடியும் என்பவருக்கு நான் கைகாட்டுவது வெலாசிட்டி நைட்ரோ. இரண்டு வாங்க முடிந்தால் அதோடு கின்வாரா, அல்லது நீண்ட ஓட்டக்காரராயின் நோவாபிளாஸ்ட். பெகாசஸ் நல்ல ஷூ, நெடுநாள் உழைக்கும். எடை குறைந்த ஷூ வேண்டும் என்று தேடிக் கிளம்பியவர் அங்கே போய் நிற்பதில் பொருளில்லை.

உள்நாட்டு நிறுவனங்கள் இரண்டாயிரம் ரூபாய்க்குள் விற்கும் ஷூக்களிலும் எடை குறைந்தவை உண்டு. அவற்றின் ஃபோம் சில மாதங்களில் அமுங்கித் தட்டையாகிவிடும் என்பதால் தினமும் ஓடுபவருக்கு அவை சிக்கனமல்ல. வாரத்தில் மூன்று நாள், மூன்று கிலோமீட்டர் ஓடுபவருக்கு அவையே போதும், கூடுதலாகச் செலவிட வேண்டியதில்லை.

மேற்சொன்ன நான்கின் அச்சிட்ட விலை ஏறத்தாழ 10,000 முதல் 15,000 ரூபாய் வரை போகும். புதிய பதிப்பு வந்தவுடன் பழைய பதிப்பின் விலை இறங்கும்; அப்போது வாங்குவது புத்திசாலித்தனம். கின்வாராவில் எல்லா அளவும் எப்போதும் கைக்கு எட்டுவதில்லை. செருப்பிலும் வெறுங்காலிலும் பழகி விரல்கள் விரிந்த பாதம் நம்மில் பலருக்கு. மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஓடும்போது அணியும் அதே காலுறையோடு போட்டுப் பார்த்து, நீண்ட விரலுக்கு முன்னே கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். தள்ளுபடி பெரிதாக இருந்தால் பெட்டியின் மீதுள்ள தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். சோலை ஒட்டும் பசையும் சில வகை ஃபோமும் அணியாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தில் மெல்லச் சிதைபவை. அதே காரணத்தால், மலிவாகக் கிடைக்கிறதே என்று மூன்று ஜோடிகளை வாங்கி அலமாரியில் அடுக்குவதும் நம் ஊரில் பலன் தராது.