செயின்ட் ஹெலினாவா, அசென்ஷனா? ஊர் திரும்பும் கப்பலுக்கு எது

இந்தியாவிலிருந்து லிஸ்பனுக்குத் திரும்பிய போர்ச்சுகீசியக் கப்பல்களுக்குத் தென் அட்லாண்டிக்கில் கிடைத்த ஆளில்லாத் தீவுகள் இவை. அசென்ஷனை 1501-இலும் ஹெலினாவை 1502-இலும் கண்டவராக போர்ச்சுகலுக்காகக் கப்பலோட்டிய ஜோவாவ் ட நோவாவைச் சொல்வது வழக்கம். 1503-இல் அசென்ஷனுக்குப் பெயரிட்டவர் போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க்.

தண்ணீர்
ஹெலினா: பள்ளத்தாக்கில் ஓடை, பீப்பாய்களைக் கரையிலேயே நிரப்பலாம்.
அசென்ஷன்: கரையெங்கும் எரிமலைக் கல். 1701-இல் கப்பல் மூழ்கித் தவித்த ஆங்கிலேய மாலுமி டாம்பியரின் ஆட்கள் மலைமேல் ஏறித்தான் ஊற்றைக் கண்டார்கள். 1725-இல் டச்சுக்காரர்கள் தண்டனையாக இறக்கிவிட்ட ஒருவர் இங்கேயே மடிந்தார். என் கணக்கில் இந்த ஒன்றே போதும், முடிவு சொல்ல.

உணவு
ஹெலினா: போர்ச்சுகீசியர் விட்ட ஆடுகள், நட்ட எலுமிச்சை வகைகள். நெடும்பயணத்தில் பழம், காய்கறி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோய்க்கு இந்தப் பழங்களே மருந்து. (ஆடுகள் பின்னாளில் காட்டையே அழித்தன, பெரிய இழப்பு.)
அசென்ஷன்: டிசம்பர் முதல் ஜூன் வரை முட்டையிட வரும் பச்சை ஆமைகள். மல்லாத்திப் போட்டால் கப்பலில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும்.

கண்டுபிடிப்பது
தீர்க்கரேகை கணிக்க வழியில்லாத காலம். தீவுக்குக் கிழக்கிலேயே 16° தெற்கு அட்சரேகையைப் பிடித்து, மேற்கே ஓட்டினால் ஹெலினா தென்படும். தவறிக் கடந்துவிட்டால் தென்கிழக்குக் காற்றை எதிர்த்துத் திரும்புவது பெரும்பாடு. அப்போது வடமேற்கே சுமார் 1,300 கி.மீ. தள்ளி, 8° தெற்கில் அசென்ஷன்.

நோயாளிகளும் காலிப் பீப்பாய்களும் இருந்தால் ஹெலினா. தண்ணீர் கையிருப்பில் இருந்து, இறைச்சி மட்டும் வேண்டுமானால், ஆமைப் பருவத்தில் அசென்ஷன்.